திருகோணமலைக் கடற்கரை விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்குக் கரையில் திருகோணமலை நகரும், அதற்கு வடக்கே நீளும் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளும் குடும்பத்தோடு நான்கு நாள் கழிக்க அருமையான இடங்கள். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிற தமிழ்க் குடும்பங்கள் புறப்படுமுன் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் வர வேண்டும்?

மே முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரலின் பின்பாதியையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றக் கேள்விகளுக்கான பதில்கள் ஆளுக்கு ஆள் மாறும், இது மாறாது. நாள் குறிக்கும்போதே பயணத்தின் பாதி முடிவாகிவிடுகிறது.

காரணம் காற்று. இந்த மாதங்களில் தென்மேல் பருவக்காற்று தன் மழையை மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறித் தரைவழியாகக் கிழக்கே வந்து சேரும். இங்கே அதற்குக் கச்சான் என்று பெயர். கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை அடங்கிக் கிடக்கும். தண்ணீர் தெளிந்து, இடுப்பளவு ஆழத்திலும் காலடி மணல் தெரியும். ஒக்டோபர் கடைசியிலிருந்து நிலைமை அப்படியே மாறும். வாடைக்காற்று, அதாவது வடகீழ்ப் பருவக்காற்று, வங்காள விரிகுடாவைக் கடந்து நேரே இந்தக் கரையில் மோதும். மழையும் பெரிய அலையும் கூடவே வரும். சுற்றுலாப் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். கடற்கரையோர விடுதிகளில் சில அந்த மாதங்களில் திறப்பதே இல்லை.

கச்சான் காலத்து வெயில் கடுமையானது. பகலில் 35 பாகையைத் தொடும் நாட்கள் பல. காலை பத்து மணிக்குள் கடல், மதியம் நிழல், நாலு மணிக்குப் பிறகு மறுபடி கடல் என்று நாளைப் பிரித்துக்கொண்டால் பிள்ளைகள் வாடமாட்டார்கள். இது கிழக்குக் கரை. சூரியன் கடலில் எழுந்து தரைப் பக்கம் மறையும். விடிகாலையில் எழும்பி மணலுக்கு வந்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் அன்றைய நாளிலேயே சிறந்தது.

பிள்ளைகளுக்கு டிசெம்பரில்தான் லீவு. அப்போது வரக் கூடாதா?

கடலில் இறங்குவதற்காக என்றால் வேண்டாம். டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை இலங்கையின் தென்மேற்குக் கரை அமைதியாக இருக்கும். ஹிக்கடுவை, உணவட்டுனை, மிரிஸ்ஸ எல்லாம் அந்தப் பக்கம். அங்கே போங்கள். ஒரே தீவில் இரண்டு கரைகளும் மாறி மாறி விடுமுறைக் கரைகளாவது இலங்கைக்கு வாய்த்த வசதி. "இலங்கைக்கு எந்த மாதம் நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காததும் இதனால்தான். எந்தக் கரை என்பதைச் சேர்த்துக் கேளுங்கள்.

கோணேசர் கோயிலுக்காகவோ உறவினரைப் பார்க்கவோ டிசெம்பரில் வருவதென்றால் தாராளமாக வரலாம். நவம்பர், டிசெம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாவது வழக்கம். வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

எப்படி வந்து சேர்வது?

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வான் வண்டியில் வந்தால் ஆறு, ஏழு மணி நேரம். கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலும் உண்டு. மட்டக்களப்புப் பாதையில் வந்து கல்லோயாச் சந்தியில் பிரிந்து திருகோணமலைக்குத் திரும்பும். ரயில் நேரங்கள் மாறுவதுண்டு என்பதால் பயணத்துக்கு முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். நேரடிப் பஸ்களும் ஓடுகின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பாதை நல்ல தெரிவு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கியது. வாடைக் காலத்தில் அதை நிறுத்திவைப்பார்கள். கடல் விடுமுறைக்கு நீங்கள் வர வேண்டிய மாதங்களில்தான் கப்பலும் ஒழுங்காக ஓடும். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்கி, பிறகு வான் வண்டியிலோ பஸ்ஸிலோ திருகோணமலைக்கு வந்தால் கொழும்புப் பக்கமே போகாமல் பயணத்தை முடிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கான விசா நடைமுறை அண்மைய ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஹபரணைக்கும் திருகோணமலைக்கும் இடையில் இருட்டிய பிறகு வாகனம் ஓட்ட வேண்டாம். வீதியின் இருபுறமும் காடு. யானைகள் வீதியைக் கடக்கும். விளக்கு வெளிச்சத்தில் யானை தெரியும்போது நீங்கள் மிக அருகில் வந்திருப்பீர்கள். மாலை ஐந்து மணிக்குள் ஹபரணையைத் தாண்ட முடியாவிட்டால் அங்கேயே ஓர் இரவு தங்கி, காலையில் சீகிரியாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கே தங்குவது? நகரத்திலா, உப்புவெளியிலா, நிலாவெளியிலா?

நகரத்தில் அறை வாடகை குறைவு. கோயில், சந்தை, பஸ் நிலையம் எல்லாம் கிட்ட. கடற்கரையும் இருக்கிறது, மாலையில் உள்ளூர்க் குடும்பங்கள் கடலை கொறித்துக்கொண்டு காற்று வாங்கும் கரை அது. நாள் முழுக்கக் குளிக்க ஏற்றதல்ல.

உப்புவெளி நகரத்திலிருந்து சுமார் ஆறு கிலோமீற்றர். சிறு விடுதிகளும் உணவகங்களும் மணலை ஒட்டி வரிசையாக இருக்கும். இளைஞர்களுக்கும், ஓட்டோ பிடித்து அடிக்கடி நகரத்துக்குப் போய்வர விரும்புகிறவர்களுக்கும் பொருந்தும். நிலாவெளி இன்னும் வடக்கே, நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீற்றர் அளவில். அகன்ற மணல், குறைந்த கூட்டம், பெரிய விடுதிகள். புறாத்தீவுக்குப் படகு ஏறுவதும் அங்கேதான்.

சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு நிலாவெளியைத்தான் சொல்வேன். இரவில் சத்தம் இல்லை, மணலில் நடக்க இடம் நிறைய. சாப்பாட்டுக் கடைகள் தள்ளித் தள்ளி இருப்பதால் இரவுச் சாப்பாட்டைத் தங்குமிடத்திலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். "கடற்கரைக்கு அருகில்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், மணலுக்கு எத்தனை நிமிட நடை, நடுவில் பிரதான வீதியைக் கடக்க வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு முற்பணம் கட்டுங்கள்.

எத்தனை நாள் போதும்?

குறைந்தது மூன்று இரவு. கொழும்பிலிருந்து வரவே ஒரு பகல் போய்விடும். ஒரு நாள் புறாத்தீவு, ஒரு நாள் கோயிலும் நகரமும். இவை தவிர ஒன்றும் செய்யாமல் மணலில் கிடக்க ஒரு நாள் வேண்டும்; அதை வெட்டிவிடாதீர்கள்.

புறாத்தீவுக்குப் போவது எப்படி? அங்கே என்ன பார்க்கலாம்?

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கும் பாறைத்தீவு அது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு துண்டுகள். மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பதால் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு. வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூட. படகுக் கூலி தனி. படகுக்காரரிடம் "அண்ணை, இது ஆளுக்கா, முழுப் படகுக்கா? திரும்பி வர எத்தனை மணி? கண்ணாடியும் மூச்சுக்குழாயும் இதற்குள் சேருமா?" என்று மூன்றையும் ஏறுமுன்பே கேட்டுவிடுங்கள். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரே படகில் போனால் செலவு நன்றாகக் குறையும்.

காலை முதல் படகுகளில் போங்கள். வெயில் ஏறுமுன் காற்றும் குறைவாக இருக்கும், கூட்டமும் இருக்காது, நீருக்கடியில் தெளிவாகத் தெரியும். முகக்கண்ணாடி போட்டுத் தலையை நீருக்குள் வைத்த மறுநொடியே முருகைக்கற்களும் (பவளப்பாறைகள்) வண்ண மீன்களும் கண்முன் வந்துவிடும். ஆழத்துக்குப் போகத் தேவையே இல்லை. அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை வரும். துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறாக்களும் இங்கே திரிகின்றன. சுறா என்றதும் பயப்பட வேண்டாம். இவை ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்டும் கூச்சமுள்ள உயிர்கள். ஆளைக் கண்டால் விலகிப்போகும். துரத்தாமல் இருந்தால் போதும்.

நான் மன்றாடிக் கேட்பது ஒன்று: முருகைக்கல்லின் மீது கால் வைக்காதீர்கள். கல் போலத் தெரிந்தாலும் அது உயிர். உருண்டைக் கல் போல வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் பெருக்கும். ஒரு மிதியில் உடைவது பல ஆண்டுகளின் வளர்ச்சி. 1998இல் இந்து சமுத்திரம் அளவுமீறிச் சூடாகி, இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. அப்போது திருகோணமலைப் பகுதி பெரும்பாலும் தப்பியது. அப்படி எஞ்சியது இப்போது நம் கால்களுக்குக் கீழே நொறுங்கிக்கொண்டிருக்கிறது. நீந்தத் தெரியாதவர்கள் களைத்துப்போய் நிற்க இடம் தேடும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. ஆகவே உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கி அணியுங்கள். மிதந்தபடியே பார்க்கலாம், நிற்க வேண்டிய தேவை வராது. சிப்பியோ உதிர்ந்த முருகைக்கல் துண்டோ எடுத்துவர வேண்டாம். பூங்காவிலிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம்.

வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் உள்ள ஒக்சிபென்சோன் முருகைக்கற்களைப் பாதிக்கும் என்று 2021 முதல் ஹவாயில் அதன் விற்பனையையே தடைசெய்திருக்கிறார்கள். முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் களிம்பின் தேவையே பாதியாகும். தீவின் கரையில் மணலை விட உடைந்த முருகைத் துண்டுகளே கூடுதல். வெறுங்காலில் நடந்தால் கிழிக்கும். நனைந்தாலும் பரவாயில்லை என்ற சப்பாத்து ஒன்றைக் கொண்டுவாருங்கள். குடிதண்ணீரும் கொண்டுபோக வேண்டும். போத்தலை மறக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கடல் அமைதி என்கிறீர்கள். அப்படியானால் பிள்ளைகளைப் பயமில்லாமல் விடலாமா?

அமைதியான கடலுக்கும் தனி ஆபத்து உண்டு. மேலே சொன்ன கச்சானை மறுபடி நினைத்துப் பாருங்கள்: அது கடலை நோக்கி வீசும் காற்று. காற்றடைத்த மெத்தை, ரப்பர் வளையம், பந்து எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கரையோரம் அலை இல்லாததால் பிள்ளை நகர்ந்துபோவதே பெரியவர் கண்ணில் படாது. அரைமணி கழித்துப் பார்த்தால் எட்ட முடியாத தூரம். ஆகவே மிதக்கும் விளையாட்டுப் பொருட்களைக் கடலில் விடாதீர்கள்; விடுதியின் நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பந்து போய்விட்டால் போகட்டும், பின்னால் நீந்த வேண்டாம்.

சில இடங்களில் தண்ணீர் வெளியே இழுக்கும். எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து விலகி, பிறகு கரைக்குத் திரும்புங்கள். புதிய இடத்தில் இறங்குமுன் அங்கே வலை உலர்த்தும் மீனவரிடமோ விடுதிப் பையனிடமோ "இதில குளிக்கலாமா?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

நடை பழகும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் ஒரு நாள் மார்பிள் பீச்சுக்குப் போகலாம். விமானப் படையின் பராமரிப்பில் இருக்கும் உள்விரிகுடா அது. நுழைவுக் கட்டணம் உண்டு. மூன்று பக்கமும் தரை சூழ்ந்திருப்பதால் அலை மிகக் குறைவு.

2004 டிசெம்பர் 26 சுனாமி இந்தக் கரையை மோசமாகத் தாக்கியது. நில அதிர்வை உணர்ந்தாலோ கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்க நிற்காமல் உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

திமிங்கிலம் பார்க்க முடியுமா?

முடியலாம். துறைமுக வாய்க்கு வெளியே கடலடி செங்குத்தாகப் பெரும் பள்ளத்தாக்காக இறங்குவதால், நீலத் திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருவதுண்டு. அமைதியான பருவத்தில் காலையிலேயே படகுகள் புறப்படும். காணாமலே திரும்பும் நாட்களும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு ஏறுங்கள். "கட்டாயம் காட்டுவேன்" என்று சொல்கிறவரை விட, "தூரத்தில் நின்றுதான் பார்ப்போம்" என்று சொல்கிறவரின் படகைத் தெரிவுசெய்யுங்கள். கடல் ஒத்துவராதவர்கள் புறப்பட அரைமணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது.

கோணேசர் கோயில், கன்னியா: விடுமுறையோடு சேர்த்துப் பார்க்கலாமா?

பார்க்காமல் போகக் கூடாது. சம்பந்தர் பாடிய தலம் இது. கடலுக்குள் நீண்டு செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் கோயில். கீழே நெடுந்தூரம் நீலக் கடல். 1620களில் போர்த்துக்கீசர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், ஆங்கிலேயர் கைகளுக்குப் போன அதே பிரெட்றிக் கோட்டையின் வாசல் வழியாகத்தான் இன்றும் கோயிலுக்கு ஏறிப்போகிறோம். இடித்த கல்லின் நடுவே நடந்து, மீண்டும் எழுந்த கோயிலுக்குப் போவது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கும். மாலைப் பூசைக்கு முன் போனால் வெயிலும் தணிந்திருக்கும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதரோடு பழகித் திரியும். பிளாஸ்டிக் பையோடு எதையும் கொடுக்காதீர்கள். பையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நகரத்திலிருந்து அநுராதபுர வீதியில் சுமார் எட்டுக் கிலோமீற்றர். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தன் தாயின் அந்தியேட்டி என்ற இறுதிக்கிரியைக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதிகம். இன்றும் அந்தியேட்டிக்காக இங்கே வரும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பக்கம் கமராவைத் திருப்பாமல் இருங்கள்.

என்ன உடை?

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் முன்னால் நீச்சலுடை யாருக்கும் புதிதல்ல. நகரக் கடற்கரையிலும் கிராமத்து மீனவர் குடிசைகளான வாடிகள் இருக்கும் பக்கங்களிலும் உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடுதான் கடலில் இறங்குவார்கள். அங்கே அதையே பின்பற்றுங்கள். கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மறைய வேண்டும். நனைந்த உடையோடு கடைக்கோ ஓட்டோவுக்கோ போகாதீர்கள்.

தமிழ் பேசினால் சமாளிக்கலாமா?

நன்றாகவே. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. கடை, ஓட்டோ, படகு எங்கேயும் தமிழ் செல்லும். அண்ணை, அக்கா, ஐயா என்று கூப்பிட்டுப் பேசினால் வேலை இலகுவாகும். இங்குள்ள குடும்பங்கள் நீண்ட போரையும் சுனாமியையும் கண்டவை. அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். நீங்களாகத் துருவிக் கேட்க வேண்டாம்.

சாப்பாடு?

காலையில் இடியப்பம், சொதி, சம்பல். இரவில் பிட்டு அல்லது கொத்து ரொட்டி. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது சொர்க்கம்: பாரை, விளை, அறக்குளா, கணவாய், இறால், நண்டு. விடுதிப் பட்டியலில் இருப்பதைக் கேட்பதை விட, "இண்டைக்கு என்ன மீன் வந்தது?" என்று கேட்டு அதைச் சமைக்கச் சொல்லுங்கள். நண்டுக் கறிக்கு நேரம் எடுக்கும் என்பதால் மதியமே சொல்லிவைக்க வேண்டும். விலையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நண்டும் இறாலும் பெரும்பாலும் நிறைக்கு விலை. சைவக்காரர் நகரத்துச் சைவக் கடைகளில் வயிறாரச் சாப்பிடலாம். நிலாவெளியில் தங்குவதாக இருந்தால் அறை பதியும்போதே மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்று சொல்லுங்கள். உறைப்பு இங்கே கூட. பிள்ளைகளுக்குக் குறைத்துப் போடச் சொன்னால் போடுவார்கள்.

போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் மது விற்பனை நாடு முழுக்க மூடப்படும். போயா வார இறுதியோடு சேர்ந்து வந்தால் உள்ளூர்ப் பயணிகள் திரண்டு வருவார்கள். அறை வாடகையும் ஏறும். இலங்கை நாட்காட்டியை வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள்.

பணம், மின்சாரம் போன்றவை?

நகரத்தில் வங்கிகளும் ஏ.டி.எம். இயந்திரங்களும் உள்ளன. கடற்கரைப் பக்கம் போகுமுன் இலங்கை ரூபாவில் காசு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 2024 பெப்ரவரி முதல் இந்தியாவின் யு.பி.ஐ. இலங்கையில் செல்லும் என்றாலும், படகுக்காரருக்கும் சிறு கடைக்கும் கையில் காசுதான் வேண்டும். மின் செருகிகளில் இந்திய வகையும் பிரித்தானிய வகையும் கலந்திருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் ஒன்று கையில் இருக்கட்டும். நுளம்புக்கு (கொசுவுக்கு) பூசும் களிம்பு அவசியம், டெங்கு இங்கும் உண்டு.

பாசிக்குடாவா, திருகோணமலையா?

மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள பாசிக்குடாவின் பருவமும் இதேதான். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாத ஆழம் அதற்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. சிறு பிள்ளைகளோடு கடலில் கிடப்பது மட்டுமே நோக்கம் என்றால் பாசிக்குடா. கோயில், கோட்டை, புறாத்தீவு, சந்தை என்று கடலோடு ஓர் ஊரும் வேண்டும் என்றால் திருகோணமலை. ஒரு வாரம் கையில் இருந்தால் இரண்டையும் சேர்க்கலாம்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது?

1990 என்ற எண்ணை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பொலிஸுக்கு 119. சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டு எரிந்தால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். விடுதியின் பெயரையும் பக்கத்துச் சந்தியின் பெயரையும் ஒரு துண்டில் எழுதிப் பெரியவர்கள் எல்லாரும் கையில் வைத்திருங்கள். நிலாவெளி வீதியில் விடுதிப் பெயர்கள் ஒன்றுபோல இருக்கும், அவசரத்தில் இடம் சொல்லத் தடுமாற வேண்டியிராது.